மூன்று தாய்மாரின் மரணமும் ஒரு பெண்ணின் அழைத்தலும்

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு

வேலூர் ஆஸ்பத்திரி என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பங்கள் மிகச் சிலவே. கடல் கடந்து இலங்கையிலிருந்தும் நோயாளிகள் அங்கு சென்று சுகம் பெற்றுத் திரும்புகின்றனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டில்களும், மருத்துவக் கல்லூரியும், தாதியர் கல்லூரியும் கொண்ட அந்தப் பெரிய நிலையம், ஒரு பங்களாவின் சின்ன அறையிலே ஒரு பெண்ணின் கையால் தொடங்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். அந்த அறையில் அவருக்கு உதவியாக நின்ற முதலாவது தாதி ஒரு சமையற்காரரின் மனைவி என்பதை அறிந்தவர்கள் அதிலும் குறைவு.

அந்தப் பெண் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர். அவர் வைத்தியராகப் பட்டம் பெற்றவர். ஆயினும் தமிழ்ப் பெண்கள் தாதியராகவும் வைத்தியராகவும் வெளியே வந்து பணிபுரிய வாசலைத் திறந்துவிட்டவர்களுள் அவர் முன்வரிசையில் நிற்கிறார். நம் மலைநாட்டு மக்களுக்கும் அவருடைய கதைக்கும் ஓர் உறவு உண்டு. அதனைப் போகப் போகக் காண்போம்.

யாழ்ப்பாணத்தில் தொடங்கிய குடும்பம்

ஐடாவின் பாட்டனார் டாக்டர் ஜோன் ஸ்கடர். நியூயோர்க் நகரில் நல்ல வருமானத்துடன் வைத்தியம் செய்துகொண்டிருந்த அவர், அதை விட்டுவிட்டு 1819ஆம் ஆண்டில் மனைவியுடன் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி, வேதப்பணியும் வைத்தியப்பணியும் செய்தார். அமெரிக்காவிலிருந்து மருத்துவ மிஷனரியாகக் கீழ்நாடுகளுக்கு வந்தவர்களில் அவரே முதல்வர் என்பர். 1836இல் அவர் சென்னைக்கு மாறினார். அவருடைய புதல்வர்கள் தென்னிந்தியாவில், குறிப்பாக ஆர்க்காட்டுப் பகுதியில், அதே பணியைத் தொடர்ந்தனர். அவர்களுள் ஒருவரான இரண்டாவது ஜோன் ஸ்கடரின் கடைசிப் பிள்ளையாக, அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண்ணாக, 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். அக்குடும்பம் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது.

ஐடாவுக்கு ஆறு வயதாகும்போது தென்னாட்டைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தத் தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வேலூரில் மிஷன் வளவுக்குள் கூட்டங் கூட்டமாக வந்த குழந்தைகளுக்கு ஊட்டும் வேலையில் சிறுமி ஐடாவும் ஈடுபட்டார். சிலருக்குக் கையை வாய்க்குக் கொண்டுபோகக்கூடப் பலம் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் துண்டு துண்டாக ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தார் அந்தச் சிறுமி. அந்தக் காட்சி அவர் மனதைவிட்டு நீங்கவேயில்லை.

நம் உறவு இங்கேதான் தொடங்குகிறது. அதே பஞ்சம்தான் ஆர்க்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை என்று பல சீமைகளிலிருந்து நம் முன்னோரை ஆயிரமாயிரமாகக் கண்டிச் சீமைக்குத் துரத்தியது. கங்காணிகளின் பின்னே கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்து, வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் உறவினரைப் பலிகொடுத்து, கோப்பித் தோட்டங்களில் பேர் பதிந்தவர்கள் அவர்கள். ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்தவர்களின் உற்றார் பலர் அங்கே பின்தங்கி நின்றிருப்பார்கள். ஐடா ரொட்டி ஊட்டிய குழந்தைகள் அப்படிப்பட்ட மக்களின் குழந்தைகள்.

வேண்டாம் என்று ஓடிய பெண்

1878இல் குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. சில ஆண்டுகளுக்குப் பின் தகப்பனாரும், அவரைத் தொடர்ந்து தாயாரும் மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டனர். ஐடா உறவினரிடம் விடப்பட்டார். தாயாரைப் பிரிந்த துயரம் அச்சிறுமியின் உள்ளத்தைச் சுட்டது. தம் குடும்பத்தார் எல்லோரும் இந்தியாவென்று போய்விடுவதைக் கண்ட அவர், தாம் மட்டும் அந்த வழியில் காலடி வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நோர்த்பீல்ட் பெண்கள் கல்விக்கூடத்தில் படித்தபோது அவர் துடுக்கும் கலகலப்பும் நிறைந்த மாணவியாக இருந்தார். நல்ல இடத்தில் மணமுடித்து, வசதியான இல்லறம் நடத்த வேண்டும் என்பதே அவர் ஆசை.

1890இல் தாயார் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. சிறிது காலம் தாயாருக்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது என்ற எண்ணத்துடன் ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட அந்த இரவு வந்தது.

ஓர் இரவு, மூன்று அழைப்புகள்

இரவு நேரம். ஐடா தம் அறையில் தனியே இருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். இளம் பிராமணர் ஒருவர் நின்றார். அவருடைய மனைவி சின்னஞ்சிறு பெண். பிள்ளைப்பேற்றில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடா வந்து உதவ வேண்டும் என்று மன்றாடினார். தமக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனார்தான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்க்க வழக்கம் இடந்தராது, அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லி அந்த மனிதர் தலைகுனிந்து திரும்பினார்.

சிறிது நேரத்தில் இன்னொருவர் வந்தார், அவர் இஸ்லாமியர். அதே வேண்டுதல். இம்முறை தகப்பனாரும் எழுந்து வந்து, மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு தாமே வருவதாகச் சொல்லிப் பார்த்தார். பயனில்லை. அதன் பின்னர் மூன்றாமவர் வந்தார், உயர்குலத்து இந்து. அவரும் அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐடா அன்றிரவு கண் மூடவில்லை. விடியற்காலையில் தெருவிலே சாப்பறை கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள் என்ற செய்தி வந்தது.

மூன்று வீடுகள், மூன்று வெவ்வேறு குலமும் மதமும். ஆனால் மூன்று பெண்களையும் கொன்றது ஒன்றே. பக்கத்தில் மருந்து இருந்தது; வைத்தியர் இருந்தார். அவர்களைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண்ணுக்குத்தான் பஞ்சம். அந்தப் பெண்கள் யார், அவர்களின் பெயர் என்ன என்பது எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவர்களுடைய சாவு ஐடாவின் பிடிவாதத்தை உடைத்தது. நெடுநேரம் செபத்தில் கழித்தபின், பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படித்து இந்தப் பெண்களிடமே திரும்பிவரப் போவதாகக் கூறினார்.

அந்நாளில் பிள்ளைப்பேறு

அக்காலத்தில் பிரசவம் என்றாலே பெண்ணுக்கு மறுபிறப்பு. குழந்தை குறுக்கே கிடந்தால் நாட்கணக்கில் வேதனை. இரத்தப்போக்கு ஏற்பட்டால் நிறுத்த வழியில்லை. கழுவாத கையும் அழுக்குத் துணியும் பட்டு, பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய்க்குக் காய்ச்சல் கண்டு உயிர் போகும். துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பதனால் சிசுவுக்கு ஏற்பு வந்து இறக்கும். கையை மருந்து நீரில் கழுவினாலே தாய்மாரின் மரணம் பெருமளவு குறையும் என்பதை 1847இல் வியன்னா நகரில் டாக்டர் செம்மல்வெய்ஸ் காட்டியிருந்தார். ஆனால் அந்த அறிவு திண்டிவனத்து வீட்டுக்குள் நுழையப் பெண் ஒருத்தியின் கை தேவைப்பட்டது.

நம் தோட்டங்களிலும் இதே கதைதான் இருந்தது. லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் பிள்ளை பெற்ற பாட்டிமாரின் அனுபவங்களை நம் வீடுகளில் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

பத்தாயிரம் டொலர்

1895இல் ஐடா பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயோர்க்கில் கோர்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் ஏற்கத் தொடங்கியதும் அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்று கட்டப் பணம் சேர்க்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்கள் குறைவு, சேர்ந்த பணமும் குறைவு. இந்நிலையில் நியூயோர்க்கில் ஓர் அம்மையாரைச் சந்தித்துத் தம் எண்ணத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருந்து அந்த வீட்டுக்கார முதியவர், ஷெல் என்னும் வங்கிச் செல்வர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஐடாவை அழைத்து, காலஞ்சென்ற தம் மனைவி மேரி டேபரின் ஞாபகமாக 10,000 டொலர் தருவதாக வாக்களித்தார்.

1900ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், டாக்டர் ஐடா தம் தோழி ஆனி ஹன்கொக்குடன் இந்தியாவில் வந்திறங்கினார். தகப்பனாரின் கீழ் சில ஆண்டுகள் பழகித் தொழில் கற்கலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் வந்து சில மாதங்களில் தகப்பனார் காலமானார். அனுபவமற்ற இளம் பெண் டாக்டர் தனியே நின்றார்.

முதலாவது தாதி சலோமி

வேலூரில் தாம் தங்கிய பங்களாவின் சின்ன அறை ஒன்றில் ஐடா மருந்து கொடுக்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் மக்கள் தயங்கினர். பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் என்று வந்து குவிந்தனர். இரண்டு ஆண்டுகளில் 5,000 நோயாளிகளை அவர் பார்த்தார் என்று கணக்குச் சொல்கிறது.

இத்தனை பேருக்கும் உதவியாளர் யார்? படித்த தாதி ஒருவரும் இல்லை. வீட்டுச் சமையற்காரரின் மனைவி சலோமி முன்வந்தாள். காயத்தைக் கழுவ, துணியைக் கொதிக்கவைக்க, கருவிகளைச் சுத்தமாக எடுத்துக்கொடுக்க, பயந்து நடுங்கும் பெண்களை ஆறுதல் சொல்லிப் படுக்க வைக்க ஐடா அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஐடா செய்த முதல் பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் சலோமியே துணை நின்றாள். வேலூரின் தாதியர் வரலாறு சலோமியிடத்தில் தொடங்குகிறது.

1902இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 கட்டில்களுடன் திறக்கப்பட்டது. அப்போதுதான் ஓர் உண்மை ஐடாவுக்குப் பட்டது. அறுவைச் சிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பின்னர் இரவும் பகலும் நோயாளியின் அருகில் இருந்து, நாடி பார்த்து, காய்ச்சல் பார்த்து, புண்ணைக் கட்டி, உடலைத் துடைத்து, கஞ்சி ஊட்டி உயிரைக் காப்பவர் தாதி. தாதி இல்லாத ஆஸ்பத்திரியில் டாக்டரின் திறமை பாதி வீண்.

ஆனால் பெண்களை இந்த வேலைக்கு யார் அனுப்புவார்? பிறர் உடலைத் தொடுவதும், மலசலம் எடுப்பதும், இரத்தத்தில் கை வைப்பதும் தீட்டு என்று கருதிய காலம். இரவு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஊர் என்ன பெயர் சூட்டும் என்ற பயம் வேறு. இங்கிலாந்தில்கூட, 1860இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் இலண்டனில் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் திறக்குமுன், அந்த வேலைக்கு மதிப்பு இருந்ததில்லை.

1909இல் டெலியா ஹவ்டன் என்னும் பயிற்சி பெற்ற அமெரிக்கத் தாதி வேலூருக்கு வந்தார். அவரும் ஐடாவும் சேர்ந்து தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெண்களுடன் ஆரம்பித்த பள்ளி அது. படிப்பு, ஒழுங்கு, சீருடை, சம்பளம், தங்க மரியாதையான இடம் என்று எல்லாம் கிடைத்தபோது, பெற்றோரின் பயம் மெல்ல மெல்லக் குறைந்தது. அன்று வெட்கப்பட்ட ஊர், பின்னர் வெள்ளைச் சீருடை அணிந்த பெண்ணைக் கைகூப்பி வரவேற்கப் பழகிக்கொண்டது.

மரத்தடி வைத்தியம்

ஆஸ்பத்திரிக்கு வரமுடியாத கிராமத்தாரைத் தேடி ஐடா தாமே புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டி. பிறகு பிரான்சிலிருந்து வந்த பெஜோ மோட்டார் வண்டி. குதிரையோ மாடோ இல்லாமல் புகைவிட்டு ஓடிவரும் அந்த வண்டியைக் கண்டு பிசாசு வருகிறதென்று மக்கள் ஓடினார்கள் என்று சொல்வார்கள். குடியாத்தம் சாலையில் வாரம் ஒருமுறை, குறித்த மரங்களின் கீழ் வண்டி நிற்கும். புண், கண்நோய், பல்வலி, குட்டரோகம் என்று நோயாளிகள் காத்திருப்பர். தாதியர் மருந்துப் பெட்டியைத் திறந்து அங்கேயே புண்ணைக் கழுவிக் கட்டுவர்.

பதினான்கு பெண்கள்

தாமும் ஒரு சிலரும் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று ஐடா எண்ணினார். இந்நாட்டுப் பெண்களே வைத்தியராக வேண்டும் என்பது அவர் முடிவு. அரசாங்க மருத்துவத் துறைத் தலைவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. மனுச் செய்யப் போதிய பெண்கள் இருக்கமாட்டார்கள் என்று எண்ணினார். ஆயினும் 1918 ஆகஸ்டு மாதத்தில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. போதிய கட்டிடமில்லை; ஆசிரியர் மிகச் சிலர். முதல் ஆண்டு அரசாங்கப் பரீட்சையில், ஆண்களிற் பலர் தவறிய இடத்தில், வேலூர் மாணவியர் அனைவரும் சித்தியெய்தினர். 1922இல் 14 பெண்கள் வைத்தியராக வெளியேறினர்.

1938இல் அரசாங்கம் பழைய மருத்துவச் சான்றிதழ் படிப்பை நிறுத்தி, பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்றது. கட்டிடம், கருவி, பேராசிரியர் எல்லாவற்றையும் பெருக்காவிட்டால் பள்ளியை மூடவேண்டிய நிலை. எழுபது வயதை எட்டிய ஐடா அமெரிக்காவுக்குச் சென்று ஊர் ஊராகப் பிச்சை கேட்டார். இன்னொரு சோதனையும் வந்தது. ஆண்களையும் சேர்த்தால் எல்லாச் சபைகளும் ஒன்றுபட்டுக் கல்லூரியைத் தாங்கும். ஆனால் பெண்களுக்காகவே என்று பணம் திரட்டிக் கொடுத்த நீண்டகால நண்பர்கள் சிலர் இதை வன்மையாக எதிர்த்தனர். நீண்ட மனப்போராட்டத்தின் பின் ஐடா ஒற்றுமையின் பக்கமே நின்றார். அதற்காக நட்பையும் இழக்க வேண்டியிருந்தது. 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு வந்தது. 1947இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர்.

இதற்கிடையே 1946இல் தாதியர் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. தாதியர் துறையில் பல்கலைக்கழகப் பட்டம் தரத் தொடங்கிய இந்தியாவின் முதல் நிலையங்களில் அதுவும் ஒன்று. அதே ஆண்டில் டெல்லியிலும் இப்படிப்பு ஆரம்பமாயிற்று. சலோமிக்குச் சொல்லிக்கொடுத்து நாற்பத்தாறு ஆண்டுகளில் அந்த வேலை பட்டதாரிகளின் துறையாகிவிட்டது.

நம் திருச்சபையிலும்

பெண்களின் கைப்பணி தேவை என்பதை நம் கத்தோலிக்கத் திருச்சபையும் தன் வழியில் உணர்ந்தது. 1877இல் உதகமண்டலத்தில், நம்மைப் போன்ற ஒரு மலைநாட்டிலே, அன்னை மரிய பாசியோன் பிரான்சிஸ்கன் மரியாயின் மறைபரப்புச் சகோதரிகள் சபைக்கு வித்திட்டார். அச்சகோதரிகள் 1886இல் இலங்கைக்கு வந்து, கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் நோயாளருக்குப் பணிபுரிந்தனர்.

ஆயினும் கன்னியர் பிரசவம் பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டம் அக்காலத்தில் இடந்தரவில்லை. இராவல்பிண்டியில் பெண்களுக்காக ஆஸ்பத்திரி நிறுவ உழைத்த ஸ்கொட்லாந்து டாக்டர் அக்னெஸ் மக்லாரன், இத்தடையை நீக்கும்படி பலமுறை உரோமைக்குச் சென்று மன்றாடி, பலனைக் காணாமலே 1913இல் மறைந்தார். அவர் வழிகாட்ட வைத்தியம் படித்த அன்னா டெங்கல், 1925இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936இல் உரோமை தடையை நீக்கியது. ஐடாவின் வாசலில் மூன்று ஆடவர் நின்று கேட்ட அதே கேள்வி, வேறு வடிவில் உரோமையின் வாசலிலும் தட்டிக்கொண்டே இருந்தது என்று சொன்னால் தவறில்லை.

கடைசிக் காலம்

1946இல் ஐடா பொறுப்புகளிலிருந்து ஓய்வுபெற்று, கொடைக்கானல் மலையில் தம் இல்லத்தில் தங்கினார். அறுபது வயதைத் தாண்டிய பின்பும் இளையவர்களைத் தோற்கடிக்குமளவுக்கு டென்னிஸ் விளையாடியவர் அவர். ரோசாச் செடிகள் வளர்ப்பதில் பிரியம் கொண்டவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. இந்தியாவில் எங்கோ இருக்கும் டாக்டர் ஐடா என்று மட்டும் விலாசமிட்ட கடிதம்கூட அவர் கைக்குத் தவறாமல் வந்து சேர்ந்தது என்பார்கள். 1960 மே மாதத்தில், தம் எண்பத்தொன்பதாம் வயதில், அவர் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார். வேலூர் நகரமே திரண்டு அவரை அடக்கம் செய்தது.

நமக்கு என்ன?

நல்லதண்ணியிலும் மஸ்கெலியாவிலும் டிக்கோயாவிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று உயர்தரம் வரை படிக்கின்றனர். தாதியராகவும் மருத்துவமாதர்களாகவும் பணிபுரியும் நம் பெண்பிள்ளைகளும் இருக்கின்றனர். ஆனால் மகள் தாதிப் பயிற்சிக்கு மனுச் செய்ய விரும்பும்போது, தூர இடம், இரவு வேலை, கலியாணத்துக்குத் தடை என்று சொல்லி மனுவை மடித்து வைத்துவிடும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே மகளைத் தூர அனுப்பும் பயம் உண்மையான பயம்தான். ஐடாவின் தாயாரும் அதே பயத்தோடுதான் மகளைக் கப்பலேற்றினார்.

ஆனாலும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மழை இரவில் மலைத்தோட்டமொன்றில் ஒரு தாய்க்கு வேதனை எடுக்கிறது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அங்கே அவள் பேசும் மொழியைப் பேசி, அவள் பயத்தை அறிந்து, கையைப் பிடித்துக்கொள்ள நம் பெண் ஒருத்தி நின்றால் அவளுக்கு எத்தனை ஆறுதல்! மொழி புரியாததால் சொல்லமுடியாமற் போகும் ஒரு வேதனை, காலத்தில் கவனிக்கப்படாத ஆபத்தாக மாறிவிடக்கூடும். திண்டிவனத்து மூன்று பெண்களும் அப்படித்தான், உதவி எட்டும் தூரத்தில் இருந்தும், அது தங்களிடம் வந்துசேர வழியில்லாமல் இறந்தார்கள்.

ஐடா டாக்டருக்குப் பட்டம் இருந்தது. பணம் கொடுக்க ஆள் இருந்தது. சலோமிக்கு இரண்டும் இல்லை. தன்னைக் கூப்பிட்டபோது அடுப்படியை விட்டு எழுந்து வந்தாள், கையைக் கழுவிக்கொண்டாள், கற்றுக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரி எழுந்ததற்கு அந்த இருவரும் காரணம். நம் குடும்பங்களில் ஐடாக்கள் பிறப்பது இறைவன் சித்தம். சலோமிகள் ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் எழுந்து வரும்போது வாசலை மறிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.